உப்புக் குவியலைக் குறியாக வைத்தவன்

பதினெட்டு வருடம் உப்பளத்துத் தண்ணீரில் நின்று என் உள்ளங்கால் இரண்டும் வெடித்துவிட்டன. வெடிப்புக்குள் உப்பு இறங்கினால் உயிர் போய் உயிர் வரும். எப்படியாவது அந்த வேலையை விட்டுவிட வேண்டும் என்று இருந்தேன். அந்த நேரத்தில்தான் என் மனைவியின் மூத்த சகோதரருக்கு, அதாவது என் மச்சானுக்கு, இடுப்பு வலி வந்து கடலுக்குப் போக முடியாமல் ஆகிக்கொண்டிருந்தது.

"பத்து நாளைக்கு ஒன்னக் கூட்டிட்டுப் போறன் மச்சான்," என்றார். "பொறகு நீ தனியப் போய் மீன் கொண்டு வந்தா போட் ஒன்ட கையில. இல்லாட்டி வேற ஆளுக்குத்தான் குடுக்கணும். எங்கட வீட்டு அடுப்பும் எரியணுமே."

கரையிலிருந்து அதிக தூரமில்லை. கடலுக்கு அடியில் ஒரு கல் இருக்கிறது, ஒரு வீட்டு முற்றம் அளவுதான். அதைச் சுற்றிலும் வெறும் சேறு. மச்சான் கரையை இரண்டு தரம் பார்ப்பார், இஞ்சினை நிறுத்துவார், "நங்கூரத்தப் போடு" என்பார். தூண்டில் இறங்கியதும் விளைமீன் கடிக்கும். எதைப் பார்த்து நிறுத்தினார் என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. எங்கள் கரையில், கடலில் இடம் கண்டுபிடிக்க ஒருவர் வைத்திருக்கும் குறியைக் கேட்பது அவர் வீட்டு அலுமாரியைத் திறந்து பார்ப்பது மாதிரி.

ஆகவே எனக்கென்று குறி பிடித்தேன். கல்லுக்கு மேலே நின்று கரையைப் பார்த்தால், ஒரு பக்கம் பள்ளிவாசல் மினாரா ஒற்றைப் பனைக்கு நேர் பின்னால் வர வேண்டும். மறுபக்கம், எங்கள் உப்பளத்து உப்புக் குவியல் போன் கோபுரத்துக்கு நேர் முன்னால் வர வேண்டும். அந்த வெள்ளைக் குவியல் கடலிலிருந்து அவ்வளவு பளிச்சென்று தெரிந்தது. இதைவிட நல்ல குறி யாருக்குக் கிடைக்கும் என்று எனக்குள் பெரிய பெருமை.

பத்தாம் நாள் புதன்கிழமை. வியாழக்கிழமை வானம் கறுத்தது. மழைக்கு முன் வேலை முடிய வேண்டும், உடனே வா என்று உப்பளத்துக் கங்காணி ஆள் அனுப்பினார். இதுதான் கடைசி என்று சந்தோஷமாகப் போய் நாள் முழுக்க வேலை செய்தேன். வெள்ளிக்கிழமை ஜும்மா, எங்களில் யாரும் கடலுக்குப் போவதில்லை.

சனிக்கிழமை விடியத் தனியாகப் போனேன். மினாராவும் பனையும் சுலபமாக ஒன்று சேர்ந்தன. அந்த நேர்கோட்டிலேயே போட்டை மெல்ல ஓட்டினேன். கோபுரம் நின்றது. அதற்கு முன்னால் வெள்ளையைக் காணவில்லை. தவறான இடத்துக்கு வந்துவிட்டேனோ என்று திரும்பிப் போய் மறுபடி வந்தேன். அப்போதுதான் உறைத்தது. வியாழக்கிழமை அந்தக் குவியல் மேல் ஏறி, மழை படாமல் தென்னோலைக் கிடுகு போட்டு மூடியதே நான்தான். கரை நெடுக மீனவர் வாடிகளின் கிடுகுக் கூரைகள். அதில் எது கூரை, எது உப்பு?

வாய்விட்டு என்னையே ஏசினேன். கயிற்றில் கட்டிய ஈயத்தை அடிவரை இறக்கிப் பார்த்தேன், சேறு. கொஞ்சம் தள்ளி இறக்கினேன், சேறு. பொலித்தீனில் சுற்றியிருந்த போனை எடுத்து மச்சானின் பெயர் வரை போனேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ, இன்றைக்கும் தெரியாது. போனைத் திரும்பச் சுற்றி வைத்தேன். காற்று எழும்பியது. ஒரே ஒரு கெளிற்று மீனோடு கரைக்கு வந்தேன்.

மச்சான் கரையில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். கூடையை எட்டிப் பார்த்தார். ஏசவில்லை.

"கால் எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

அதைத் தாங்க முடியவில்லை. உப்புக் கதையைச் சொல்லாமல் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

மழை பெய்து ஓய்ந்ததும் உப்பு ஏற்ற லொறி வந்தது. கிடுகை எடுக்கக் குவியல் மேல் ஏறினேன். கோபுரத்துக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்தேன். எனக்கு நேரே மச்சானின் நீலப் போட் நங்கூரம் போட்டு நின்றது. எனக்குப் பதிலாகப் போட்டை வாங்கிக்கொண்டவன் விடாமல் தூண்டிலை இழுத்துக்கொண்டிருந்தான். சரியாக அந்த இடம்தான்.

"அங்க என்னத்தப் பாக்கிற? கிடுக இழு," என்று கீழேயிருந்து கங்காணி சத்தம் போட்டார்.

இழுத்தேன். காலடியில் உப்பு வெள்ளையாக வெளியே வந்து வெடிப்புக்குள் இறங்கியது.