சாம்பிள் வீடு

எதிர் வீட்டு செக்கிங் அக்காவை ஏமாற்ற முடியும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். என்னை ஏமாற்றலாம், எனக்கு அது பழகிவிட்டது. என் காதில் பூ சுற்றாத கடைக்காரரே இந்தத் தெருவில் கிடையாது. அக்கா அப்படி இல்லை.

கார்மெண்ட்ஸ் கம்பெனியில் செக்கிங் பிரிவில் காலமெல்லாம் நின்றவர். சட்டை கைக்கு வந்ததும் வெளிப்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். உள்பக்கத்தைத் திருப்பி, தையலை விரலால் இழுத்துப் பார்ப்பார். வேலையை விட்ட பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. குக்கர் வாங்க, பல் டாக்டரைத் தேட, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க என்று எல்லாவற்றுக்கும் தெருவே அவர் வாசலில் வந்து நிற்கும். நான் ஃபிரிட்ஜ் வாங்கப் போனபோது கூடவே வந்து, கதவு ரப்பரைப் பிதுக்கிப் பிதுக்கிப் பார்த்து, சேல்ஸ்மேனை அழாத குறையாக ஆக்கிவிட்டார். அக்கா சரி என்று சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் மறுபேச்சு பேசுவதில்லை.

அவர் கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். பக்கவாதம் வந்து வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் ஒரேயடியாகப் போய்விட்டன. அக்காவுக்கோ முதுகு வலி. ஆஜானுபாகுவான மனுஷனைத் தூக்கி உட்கார வைக்க அவரால் ஆகாது. ஹோம் நர்ஸ் வைத்தே ஆக வேண்டும் என்ற நிலையில் ஏஜென்சி பார்க்கக் கிளம்பினார்.

அக்கா பார்ப்பதென்றால் சும்மாவா? சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பார். "என்னை நோயாளின்னு நெனச்சுக்கோ, புரட்டிப் போடு" என்று ஆபீஸ் பெஞ்சிலேயே மல்லாந்துவிடுவார். ஓர் இடத்தில் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார்கள், எழுந்து வந்துவிட்டார். இன்னோர் இடத்தில் நர்ஸ் நீளமாக நகம் வளர்த்திருந்தாள், அதுவும் கழிந்தது. கடைசியாகப் போன ஏஜென்சியில் மேனேஜருக்குக் கழுத்தில் டை, வாயில் தேன். ஆனால் அவர் கூப்பிட்ட பெண் அக்காவின் முழங்காலை மடக்கி, தோளுக்குக் கை கொடுத்து, நோகாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். பெஞ்சில் படுத்தபடியே அக்கா முடிவு செய்துவிட்டார்.

"எனக்கு இந்தப் பொண்ணுதான் வேணும்."

"உங்களுக்கு இல்லாததா? உங்க தெருவுல எல்லாரும் உங்களைக் கேட்டுத்தான் எதையும் செய்வாங்களாமே" என்றார் மேனேஜர். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. வந்து என்னிடம் அதை அப்படியே நடித்துக் காட்டினார்.

அந்தப் பெண் தங்கம். முதல் நாளிலிருந்தே அக்காவை அம்மா என்றாள், அவர் கணவரை அப்பா என்றாள். சவரம் செய்துவிட்டுக் கண்ணாடியைக் காட்டி, "அப்பாவுக்கு இன்னைக்கு மாப்பிள்ளைக் களை" என்பாள். அவள் கையால் ஊட்டினால்தான் அவர் வாயைத் திறப்பார். கொஞ்ச நாளில் பேச்சுப் பயிற்சியும் ஆரம்பித்தாள். ஒரு காலையில் அக்கா என் வீட்டுக் கதவைத் தட்டோ தட்டென்று தட்டினார். போய்ப் பார்த்தால் அவர் கணவர் கோணிய வாயோடு, "நல்லா இருக்கு" என்கிறார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

அதற்குப் பிறகு அவருக்கு வேறு சொல் வரவில்லை, ஆனால் அது ஒன்றே போதும் போலிருந்தது. மேனேஜர் தன்னிடம் விசாரிக்க வருபவர்களுக்கெல்லாம் அக்காவின் நம்பரைக் கொடுத்தார். போன் வந்தால் அக்கா எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, "நீங்களே கேளுங்க" என்று போனைக் கணவரின் வாயருகே பிடிப்பார். அவரும் "நல்லா இருக்கு" என்பார். இதைக் கேட்ட பிறகு யார்தான் யோசிப்பார்கள்?

அக்காவின் தங்கையும் யோசிக்கவில்லை. தங்கை சூப்பர் மார்க்கெட்டில் கேஷியர். அவள் கணவர் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டு படுக்கையில் இருந்தார். இவள் காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள். அக்கா சொன்னார் என்று அதே ஏஜென்சியில் ஆள் கேட்டாள். அனுப்பினார்கள். வந்தவள் கொஞ்ச நாளில் மாறினாள், அப்புறம் இன்னொருத்தி வந்தாள். தங்கை போனில் இழுத்தாள்: "ரூம்ல ஏதோ வாடை அடிக்குதுக்கா. கேட்டா மருந்து வாடைங்கறா."

"புது ஆளு. பழகற வரைக்கும் பொறுத்துக்கோ" என்றார் அக்கா. கம்பெனி மேல் அவ்வளவு நம்பிக்கை.

ஆனால் வாடை என்ற சொல் அவரை உறுத்திக்கொண்டே இருந்திருக்க வேண்டும். ஒரு மத்தியானம் என்னையும் இழுத்துக்கொண்டு சொல்லாமல் அங்கே போனார். கதவு திறந்தே கிடந்தது. நர்ஸ் என்று வந்திருந்தவள் ஹாலில் காலை நீட்டி மொபைலில் ஏதோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே அந்த மனிதர் மல்லாந்து கிடந்தார். போர்வை சலவை மடிப்போடு இருந்தது, தலை வாரியிருந்தது. மேலே பார்த்தால் ஒரு குறை சொல்ல முடியாது. அக்கா நேராகப் போய் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். முதுகின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் புண், உள்ளே சதை தெரிந்தது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கை கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"நீ சொன்னேன்னு நான் அவளை ஒரு வார்த்தை கேக்கலக்கா. கேட்டா உன்னையே சந்தேகப்படற மாதிரி ஆயிடுமேன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

அக்கா அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமல் அந்தத் தங்கமான பெண்ணின் முன்னால் போய் நின்றார்.

"என் தங்கச்சி வீட்டுக்கு எப்படிப்பட்ட ஆளுங்களை அனுப்பினாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

அவள் துண்டை மடித்துக்கொண்டிருந்தாள். மறைக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும்.

"தெரியும்மா. பயிற்சி எதுவும் இல்லாத பொண்ணுங்க. நல்லா வேலை தெரிஞ்சவங்க நாங்க கொஞ்சம் பேருதான். உங்களை மாதிரி நாலு பேர் கேக்கற வீடா பார்த்து எங்களைப் போடுவாங்க."

"அப்போ அவருக்குப் பேச்சு சொல்லிக் கொடுத்தியே, அது?"

"எல்லா வீட்டுலயும் முதல்ல அதைத்தான் சொல்லிக் கொடுக்கச் சொல்வாங்கம்மா. போன் வருமில்ல." பிறகு அக்காவின் கையைப் பிடித்தாள். "ஆனா அப்பாவை நான் பார்த்துக்கிட்டது பொய்யில்லம்மா."

அக்கா கையை உருவிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டார். என் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அவர் அழுததை நான் மறக்க மாட்டேன். "சாம்பிள் பீஸை நல்ல டெய்லர்கிட்ட கொடுத்துத் தச்சு, ஆர்டர் கொடுக்கற பையருக்கு அனுப்புவாங்க. அப்புறம் மொத்தமா வர்ற லாட்டைப் பிரிச்சாத்தான் லட்சணம் தெரியும். இதை எத்தனை பொண்ணுங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன்! என் வீட்டையே சாம்பிளா தச்சு வெச்சிருக்கானே, பாவி. நான் அதைக் கட்டிப்பிடிச்சுக் கொஞ்சிக்கிட்டு இருந்திருக்கேன்." எனக்கு அந்த டைக்காரனை அந்த டையாலேயே கட்டி வைத்து உதைக்க வேண்டும் போலிருந்தது. மனசார அம்மா அம்மா என்று கூப்பிட்டு, வாயைத் திறக்காமல் இருந்த அவள் மேல் அதைவிட ஆத்திரம் வந்தது.

வேறு ஏஜென்சி கிடைக்கும்வரை அவளை அனுப்பவும் முடியவில்லை. வேறு யார் ஊட்டினாலும் அவர் சாப்பிட மாட்டார். அவளும் வந்தாள், வேலையைச் செய்தாள். அக்கா அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

அப்போதுதான் அந்தப் போன் வந்தது. நான் அங்கேதான் இருந்தேன். யாரோ ஒரு பெண், தன் அம்மாவுக்கு நர்ஸ் வைக்க வேண்டுமாம், ஏஜென்சியில் நம்பர் கொடுத்தார்களாம். தங்கமான பெண் சூப் ஊட்டிக்கொண்டிருந்த கரண்டியை அப்படியே நிறுத்தி, அக்காவைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று கெஞ்சினாள். அக்கா கணவரைப் பார்த்தார். அவர் அடுத்த வாய்க்காக வாயைத் திறந்து வைத்திருந்தார்.

"என் வீட்டுக்கு வர்ற பொண்ணு ரொம்ப நல்லவம்மா" என்றார் அக்கா. "என் தங்கச்சி வீட்டுக்கு வந்தவ, அவ புருஷனைப் புண்ணாக்கிட்டா. ரெண்டும் ஒரே கம்பெனி. உங்க அம்மாவை அங்க விடாதீங்க."

போன் செய்த பெண் ஏஜென்சிக்கே போய், "நீங்க நம்பர் கொடுத்த அம்மாவே இப்படிச் சொல்றாங்களே" என்று சண்டை போட்டிருக்கிறாள். மறுநாளே மேனேஜர் தேன் குரலில், ஆள் பற்றாக்குறை, வேறு பெண்ணை அனுப்புகிறோம் என்றார். வேறு ஏஜென்சி இன்னும் அமையாததால் அக்காவுக்கும் வழியில்லை. தங்கமான பெண் சொல்லிக்கொள்ளக்கூட வரவில்லை. தங்கை இன்னமும் அக்காவின் போனை எடுப்பதில்லை.

புதியவள் முதல் நாளே மூக்கைச் சுளித்துக்கொண்டு உள்ளே போனாள். சிறிது நேரத்தில் கரண்டி பல்லில் இடிக்கும் சத்தம் கேட்டது. அக்காவும் நானும் ஓடினோம். சூடான சூப் அவர் கழுத்தில் வழிந்து, தோல் சிவந்திருந்தது. அக்கா கரண்டியைப் பிடுங்கி அவளை வெளியே போகச் சொன்னார். தன் முந்தானையை நனைத்து அவர் கழுத்தில் ஒற்றினார்.

"எரியுதாங்க? சொல்லுங்க, எரியுதா?"

அவர் இடது கையால் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர் வழிய வழிய, சொல்லை எங்கெங்கோ தேடி, கடைசியில் சொன்னார்:

"நல்லா இருக்கு."