ஏற்றமான பாதை

இலங்கை மலையகத்தில் லிந்துலைப் பக்கம் சைக்கிளில் போய், கூடாரத்தில் தங்கி, மறுநாள் மலையேறும் பயணம் அது. எங்கள் எட்டுப் பேரையும் வழிநடத்தியவர் ஒரு பெண். முப்பது வயதிருக்கும். வெயிலில் கறுத்த முகம், முழங்காலில் பழைய தழும்பு. ஏற்றத்தில் யாருக்காவது மூச்சு வாங்கினால் தானும் இறங்கி, அவரோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பார்.

வழியில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த, தலை நரைத்த ஓர் அம்மாவிடம், "இவங்க ஒங்களப் படம் எடுத்துக்கலாமாங்க?" என்று கேட்டார். அந்த அம்மா அவர் முகத்தைப் பார்க்காமலே தலையசைத்துவிட்டு, எங்களுடன் வந்த வெளிநாட்டவர்களோடு சிரித்தபடி நின்றார்.

மாலையில் கூடாரம் அடிக்க உதவியபோது, "அந்தக் கொழுந்து பறிச்ச அம்மாவ ஒங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"எங்க அம்மாங்க. நான் கட்டிக்கிட்டவர அவங்களுக்குப் புடிக்கல. ஆறு வருசமா பேச்சு வார்த்தை இல்ல."

"பெறகு ஏன் அந்தப் பக்கம் வந்தீங்க?"

"ஏத்தம் இல்லாத பாதையும் இருக்குங்க. அதுல வந்தா அம்மாவப் பாக்க முடியாதே."

வரிசையில் கடைசியாக வந்த நான் ஒன்றைக் கவனித்திருந்தேன். "நாம வளைவு திரும்புற வரைக்கும் அவங்க ஒங்களையேதான் பாத்துக்கிட்டு நின்னாங்க. ஒரு தடவ நீங்க திரும்பிப் பாத்திருக்கலாம்."

கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த அவர் கை நின்றது.

"தெரியுங்க. நான் திரும்புனா குனிஞ்சிக்குவாங்க. அதனாலதான் திரும்புறதில்ல."

சொல்லிவிட்டு, கயிற்றை மறுபடி இழுத்துக் கட்டினார்.