பிறந்த திகதி தொலைந்த ஏழு பேர்

யுத்த காலத்தில் கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில், வாடகைக்கு அறை விடும் ஒரு போர்டிங்கில் ஏழு தமிழர் தங்கியிருந்தோம். அப்போது தமிழர் எங்கே தங்கினாலும் பெயர், பிறந்த திகதி எல்லாம் பொலிஸில் கொடுக்க வேண்டும். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு ஊர் சுற்றக் கிளம்பிய நான்தான் கம்ப்யூட்டரில் பட்டியல் அடித்தேன். எக்செல் கோப்பாக வைக்காமல், எழுத்தை மட்டும் வைத்துக்கொள்ளும் சிஎஸ்வியாகச் சேமித்தேன். அமைப்பெல்லாம் அழிந்துவிடும் என்று பாழாய்ப்போன எச்சரிக்கை வந்தும் வாசிக்காமல் சம்மதித்தேன். கண்டியில் ஒரு கடையில் திறந்து அச்செடுத்தபோது, திகதி தெரிய நான் அகலப்படுத்திய நிரல், அதாவது பத்தி, பழையபடி சுருங்கி, பிறந்த திகதியெல்லாம் வெறும் #### ஆகியிருந்தது. அதைப் பார்க்காமலே பொலிஸில் நீட்டினேன்.

“என்னப்பா, ஏழு பேரும் இன்னும் பொறக்கலியா?” என்றார் தமிழ் தெரிந்த பொலிஸ்காரர். அவர் சிரிக்கவில்லை. மற்ற ஆறு பேரும் வேலையை விட்டு அடையாள அட்டையோடு வரும்வரை என்னை அங்கிருந்த மர வாங்கில் உட்கார வைத்தார்.

“தாளத் திருப்பிப் பாக்க ஒனக்குக் கண்ணு இல்லியாடா?” என்று அந்த ஆறு பேரில் ஒருவனான என் அறைக்கூட்டாளி திரும்பும் வழியெல்லாம் திட்டினான்.

இப்போது எக்செல் கோப்பாகவே சேமித்து, மூடி, மறுபடி திறந்து பார்க்கிறேன். அச்சான தாளையும் கடையிலேயே நின்று வரிவரியாக வாசிக்கிறேன். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.