குணவதி அக்கா வீட்டை ஒதுங்கவைத்த மூன்று நாட்கள்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, அலுவலகப் பேருந்துக்காகப் புதுப்பட்டினத்தில் நின்றுகொண்டிருந்தபோது குணவதி அக்காவின் மகள் மஞ்சுளாவிடமிருந்து அழைப்பு வந்தது. "அக்கா, அம்மா போயிடுச்சு. காபி குடிச்சிட்டு நாற்காலில உக்காந்துச்சாம், அப்படியே..." பேருந்து வந்து நின்றது, போயும் விட்டது. நான் ஏறவில்லை. அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது வேறொரு நினைப்பு. இனி அக்காவிடம் அதைச் சொல்லவே முடியாது.

குணவதி அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சதுரங்கப்பட்டினத்தில் பிறந்து, அங்கேயே வாழ்ந்தவர். கணவர் காலமான பின் தனியாக இருந்தார். ஒரே மகள் மஞ்சுளா செங்கல்பட்டில் குடும்பத்தோடு இருக்கிறார். எங்கள் அலுவலகத்தின் ஆவண அறையில் அக்கா பணியாற்றினார். கடைசி எட்டு ஆண்டுகள் நான் அவருக்குப் பக்கத்து மேசை. எந்தக் கோப்பைக் கேட்டாலும், பேசிக்கொண்டே அலமாரியைக் கையால் தடவி எடுத்துக் கொடுத்துவிடுவார்.

அந்நாட்களில் என் வீடு குப்பைமேடாகக் கிடந்தது. மாமியாருக்கு உடல்நலமில்லை, மகனுக்குப் பொதுத்தேர்வு, எனக்கு ரத்தக் கொதிப்பு. தினமும் காலையில் எதையாவது தேடி, கிடைக்காமல், யாரையாவது திட்டிவிட்டு வருவேன். ஒருநாள் அலுவலகத்திலேயே அழுதுவிட்டேன்.

"இன்னாத்துக்கு அழுவுற? வூடு மொத்தத்தையும் ஒரே நாள்ல ஒதுங்க வெக்கணும்னு பாக்காத," என்றார் அக்கா. "இன்னிக்கு ஒரு டிராயர். அவ்ளோதான். தெனம் வேண்டியது கைக்கு எட்டணும். மத்ததெல்லாம் அப்பால பாத்துக்கலாம்."

ஒரு இழுப்பறையில் தொடங்கினேன். இரண்டு மாதத்தில் வீடு வீடாயிற்று. தூக்கம் வந்தது. என் குரல் தணிந்துவிட்டதாக மகன் சொன்னான். அந்த நிம்மதி அக்கா கொடுத்தது.

அது எனக்குத் தலைக்கேறிவிட்டது. கைபேசியில் காணொளிகளாகப் பார்த்தேன். ஒரே மாதிரி வெள்ளை டப்பாக்கள், வெறுமையாகப் பளபளக்கும் சமையல் மேடைகள். அக்கா ஓய்வுபெற்ற மறு வருடம் அவர் வீட்டுக்குப் போனபோது என் கண்ணுக்கு எல்லாமே குறையாகத் தெரிந்தது. பாத்திரங்கள் தரையில் சுவரோரம் வரிசையாக இருந்தன. சர்க்கரை டப்பாவில் கயிறு கட்டியிருந்தது. மாத்திரை பாட்டில்களில் ரப்பர் பேண்டுகள், ஒன்றில் ஒன்று, ஒன்றில் இரண்டு. ஊருக்கெல்லாம் ஒழுங்கு சொல்பவர் வீடா இது என்று மனதுக்குள் சிரித்தேன்.

"அக்கா, ஒருநாள் வந்து எல்லாத்தையும் எடுத்து வச்சுத் தரட்டுமா?"

"வாணாம்மா. எது எங்கீதுன்னு எனுக்குத் தெரியும்."

பேத்தியின் காதுகுத்துக்கு அவர் மூன்று நாட்கள் செங்கல்பட்டு போனார். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிச் சாவியை என்னிடம் கொடுத்தார். அந்த மூன்று நாளில் நான் வீட்டையே மாற்றிவிட்டேன். பாத்திரங்கள் மேலே ஏறின. கயிறும் ரப்பர் பேண்டுகளும் குப்பைக்குப் போயின. உப்பு, சர்க்கரை, மாத்திரைகள் எல்லாம் புது வெள்ளை டப்பாக்களில், மேலே என் கையெழுத்தில் பெயர் ஒட்டி.

திரும்பி வந்த அக்கா நடுக்கூடத்தில் வெகுநேரம் நின்றார். பிறகு சுவரைத் தொட்டபடி சமையலறைக்குள் போனார். "பளிச்சினு கீது," என்றார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

எட்டாம் நாள், மாமல்லபுரம் பேருந்து நிலையத்தில் மயங்கி விழுந்துவிட்டார். தகவல் வந்து மருத்துவமனைக்கு ஓடினேன். மாத்திரைகளை மாற்றிப் போட்டிருக்கிறார் என்றார் மருத்துவர். கண்ணில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "பார்வை ரொம்பக் குறைஞ்சிருக்கே. மாத்திரையை எப்படிம்மா கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்டார்.

"ரப்பர் பேண்டு போட்டு வெச்சிருந்தேன் டாக்டர். காலைக்கு ஒண்ணு, சாயங்காலத்துக்கு ரெண்டு. எங்கியோ அவுந்து பூட்ச்சு போலகீது."

சொல்லிவிட்டு என் பக்கமாக முகத்தைத் திருப்பினார். நான் அங்கேதான் நின்றிருந்தேன். அவிழ்த்து எறிந்தது நான்தான் என்று சொல்லவில்லை.

மருத்துவர் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மஞ்சுளாகிட்ட கண்ணப் பத்திச் சொல்லிடாத. தெரிஞ்சா என்னைச் செங்கல்பட்டுக்கு இட்டுக்கினு பூடும். இந்தக் கடல் சத்தம் இல்லாம எனுக்குத் தூக்கம் வராது."

சரி என்றேன். அந்த வாக்கு எனக்கு வசதியாகப் போயிற்று. அவர் ரகசியத்தைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு என் தவற்றையும் மறைத்தேன். வீடு திரும்பிய அக்கா ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் கீழே இறக்கிக்கொண்டார். கூட இருந்து உதவியிருக்க வேண்டியவள் நான். ஆனால் அந்த வாசலை மிதிக்கவே கூசியது. வாரம் தவறாமல் போனவள், பண்டிகைக்குப் பண்டிகை என்றானேன். போகும்போதெல்லாம் பழம் வாங்கிப் போனேன். "இன்னாம்மா, விருந்தாளி மாதிரி வர்ற?" என்று ஒருமுறை கேட்டார். கேட்டது அவ்வளவுதான். இரண்டு ஆண்டுகள் அப்படியே போய்விட்டன.

செவ்வாயன்று நான் போய்ச் சேர்ந்ததும் மஞ்சுளா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "நீங்க வீட்டை எவ்ளோ அழகா ஒதுங்க வெச்சீங்கன்னு அம்மா எல்லார்கிட்டயும் சொல்லும்கா. அதுக்கு நீங்கன்னா உசிரு."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. பின்கட்டுக்கு அழைத்துப் போய், பார்வை போனதையும் நான் செய்ததையும் செய்யாததையும் முழுதாகச் சொன்னேன்.

மஞ்சுளா என் கையை விட்டார். "ரெண்டு வருசமா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே அக்கா நீங்க." உள்ளே போய்விட்டார். நான் துவைக்கும் கல்லில் உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமல் பேசினார்: "மாசா மாசம் வந்தேன். அம்மா தட்டைத் தடவித் தடவிச் சாப்பிட்டதைப் பாத்துக்கினுதான் இருந்தேன். வயசாயிடுச்சுன்னு நெனச்சேன்." மன்னித்துவிட்டதாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மாலை நான்கு மணிக்கு எடுத்தார்கள். தெரு முழுவதும் காய்ந்துகொண்டிருந்த வலைகளை மீனவர்கள் சுருட்டித் தோளில் ஏற்றிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். அக்கா அவர்களைக் கடந்து, திருப்பத்தில் மறையும்வரை ஒருவரும் வலையை இறக்கவில்லை.

அக்கா, கேட்காமல் உங்கள் வீட்டுக்குள் கை வைத்தேன். கேட்க வேண்டிய மன்னிப்பைக் கேட்காமல் இருந்தேன். இரண்டுமே என் தவறு. போய் வாருங்கள்.