நாற்றம் வந்தால் நில்டா பொறுப்பு

சாக்கடையாகிப்போன ஆற்றில் ஆரஞ்சுப் பழத்தை எறிந்துவிட்டு, அதற்கு ஈடுகொடுத்துக் கரையோரம் ஓடுகிறார் நில்டா ரொக்காபாடோ. வயது ஐம்பத்தாறு. ஒரு கையில் தொப்பி, மறு கையில் ஸ்டாப் வாட்ச். "காகிதம் காத்துக்கு ஆடும். பழம் முக்காவாசி முங்கிக்கிட்டு தண்ணி போற வேகத்துலயே போகும்" என்பார், மூச்சிரைக்க. பொலிவியப் பள்ளத்தாக்கில் மூன்று ஊர்களின் கழிவுநீரை இந்த இஞ்சினியர் இப்படித்தான் அளந்தார்.

சுத்திகரிப்பு நிலையத்துக்கு இடம் தேடிய நாட்களில், பார்க்கப் போன இடத்திலேயே மதியச் சாப்பாடு. அவித்த சோளத்தை மென்றபடி, காற்று எந்த வீட்டு அடுப்படிப் பக்கம் போகிறது என்று பார்ப்பார். நான்கு கிராமங்கள் துரத்தின. ஒன்றில் நாயையே ஏவிவிட்டார்கள். "ஊர்ப் பீயை வாசல்ல கொட்ட வந்தா ஆரத்தியா எடுப்பாங்க?" என்று கேட்டுவிட்டு அடுத்த கிராமத்துக்கு நடந்தார்.

ஐந்தாவது சிம்பாபம்பா. பள்ளமான இடம். குளம் வெட்டினால் மூன்று ஊர்க் கழிவுநீரும் தானாக வந்து சேர்ந்து தெளியும். ஊர்க்கூட்டத்தில் தலைவர் செவேரோ கோக்கா இலையைக் கன்னத்தில் அதக்கியபடி கேட்டார்: "நாத்தம் வராதுங்கறீங்க. அப்ப நீங்களே இங்க வந்து குடியிருங்க இஞ்சினியரம்மா. குளம் நாறுச்சுன்னா அன்னைக்கே கழிவு வர்ற மதகை அடைச்சிருவோம், சம்மதமா?"

கூட வந்த அதிகாரிகள் கூரையைப் பார்த்தார்கள். நில்டா ஊர்ப் பதிவேட்டை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அந்தப் புத்தகத்தில் ஏறியது ஏறியதுதான். கணவர் நகரத்திலேயே தங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்து போகிறார். நில்டாவுக்கு அது வலிக்கத்தான் செய்கிறது.

குடிவந்து இரண்டு வருஷமாகிறது. துவைத்த துணியைக் குளத்துப் பக்கமாகத்தான் காயப்போடுவார். பக்கத்தில் பன்றி வளர்க்கும் விதவை பசிலியா, போகிற போக்கில் ஒரு சட்டையை இழுத்து மோந்துபார்த்து, "சோப்பு வாசந்தான் வருது தாயி, பொழச்சே!" என்று சிரிப்பாள்.

இந்த ஆகஸ்டில், அங்கே குளிர்காலம் முடிந்து பனி விலகிய வாரம், குளத்தின் அடிச்சேறு புரண்டு மேலே வந்துவிட்டது. காலையிலேயே வயிற்றைக் குமட்டும் நாற்றம். செவேரோ பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு பத்துப் பேரோடு வந்து நின்றார். மதகை அடைத்தால் மூன்று ஊர்க் கழிவும் பழையபடி ஆற்றில் விழும். குளத்தில் தெளிந்த தண்ணீரில் தலைநிமிர்ந்து நிற்கும் செவேரோவின் சோளமும் கருகிவிடும். அதனால்தானோ என்னவோ, குரலை இறக்கிக் கேட்டார்: "பன்னிப் பட்டியில இருந்து அடிக்குதோ இது?"

கூட்டத்தில் நின்ற பசிலியாவின் முகம் வெளுத்தது. நில்டா ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். குளம் தப்பும், அவளுடைய பன்றிகள் போகும்.

நில்டா காற்றைப் பார்த்தார்.

"காத்து அங்கிட்டிருந்து இல்லண்ணே. என் குளந்தான் நாறுது. பத்து நாள்ல அடங்கிடும். ஆனா இன்னைக்கு நாறுது."

செவேரோ புத்தகத்தைப் பிரிக்கவில்லை. நில்டாவே அதை அவர் அக்குளிலிருந்து உருவி, கரையில் உட்கார்ந்து மடியில் விரித்து, தேதி போட்டு, இன்று குளம் நாறுகிறது, பொறுப்பு நான் என்று இரண்டு வரியில் எழுதினார். கையெழுத்துப் போட்டுவிட்டு, மதகைப் பற்றிய வரியை அவரே எழுதட்டும் என்று பேனாவை அவரிடம் நீட்டினார்.