நான் வரைந்த டேங்க்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தாம்பரத்தில் வாசலிலேயே கார் கட்டிய வீடு எங்களுடையது ஒன்றுதான் என்று இன்றைக்கும் சொல்லித் திரிகிறேன். மறுப்பவர்கள் தங்கள் காரைக் கொண்டுவந்து காட்டட்டும்.

அண்ணன் பெங்களூரிலிருந்து காருக்கான ஃபைபர் கூடு ஒன்றை லாரியில் ஏற்றிவந்தான். இரண்டே பேர் உட்காரலாம். அடிச்சட்டமும் உதிரிகளும் தனித்தனி மூட்டையாக வந்தன. எஞ்சின் ஒரு பழைய காரிலிருந்து எடுத்தது. எல்லாவற்றையும் நாங்களே பூட்டினோம். பெட்ரோல் டேங்க்தான் அமையவில்லை. சீட்டுக்குப் பின்னால் இருந்த இடம் கோணல்மாணலாக இருந்ததால் எந்த டேங்கும் உள்ளே உட்காரவில்லை. சித்தப்பா எங்கேயோ ஒரு பழைய டேங்கைத் தேடிப்பிடித்து வந்து, "சீட்டை வெட்டிட்டா உக்காந்துடும்" என்றார். எனக்கு வந்ததே கோபம். தொழிற்சாலையில் நாள் முழுக்க மெஷின் பாகங்களுக்குப் படம் வரைகிறவள் நான். ஒரு டப்பா வரைய வராதா?

அட்டையை வெட்டி ஒட்டி, அந்த இடத்தில் வைத்துப் பார்த்து, இடித்த பக்கத்தை மறுபடி வெட்டி அளவெடுத்தேன். வளைவில் பெட்ரோல் மொத்தமாக ஒரு பக்கம் பாயாமலிருக்க உள்ளே துளை போட்ட தடுப்புத் தகடு. பெட்ரோல் குறையக் குறைய காற்று உள்ளே போக, மூடியின் நடுவில் ஒரு ஊசித்துளை. ஸ்டேஷன் பக்கத்து வெல்டர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாக்கா இது, ஒரு பக்கம்கூட நேரா இல்லியே?"

"இடமே நேரா இல்லைங்க, நான் என்ன பண்ண?"

முடிந்த டேங்கில் சைக்கிள் பம்பால் காற்றடித்து, ஒட்டுகளில் சோப்புத் தண்ணீர் பூசினேன். ஒரு மூலையில் குமிழ் வந்தது. வெல்டர் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி பற்றவைத்துத் தந்தார்.

அதை இரும்புப் பட்டைகளால் சட்டத்தோடு இறுக்கினேன். இரும்போடு இரும்பு உரசினால் ஓட்டை விழும் என்று நடுவில் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி வைத்தேன். நட்டு தளராமலிருக்க மேலே இன்னொரு நட்டு. அண்ணன் டேங்கைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். கார்தான் ஆடியது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

சித்தப்பா தன் டேங்கை விடுவதாக இல்லை. கடைசியில் அண்ணன் என்னிடம், "கூடுவாஞ்சேரி வரைக்கும் போய்ட்டு வருவோம். வழியில டேங்க் மக்கர் பண்ணுச்சுன்னா சித்தப்பா டேங்கை வச்சிடுவேன். அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கக் கூடாது" என்றான். சரி என்றேன்.

கேனில் பெட்ரோல் வாங்கிவந்து டேங்கை நிரப்பினோம். அம்மா பூஜை போட்டாள். பானெட்டுக்குப் பொட்டு, டயருக்கடியில் எலுமிச்சம்பழம். நாங்கள் கிளம்ப, சித்தப்பா ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தார். உதவிக்காம்.

வண்டலூர் தாண்டும்வரை கார் ராஜா மாதிரிதான் போனது. ஊரப்பாக்கத்தில் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. ஸ்கூட்டரை ஓரம் கட்டிய சித்தப்பா, "நான் சொன்னேனா இல்லையா?" என்றார். அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இறங்கிப் பின்பக்கம் போனேன். மூடியின் நடுவில் கெட்டியாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம். நன்றாகக் காய்ந்திருந்தது. காற்று எப்படி உள்ளே போகும்? மூடியைத் திருகியதும் டேங்க் உஸ்ஸென்று மூச்சு வாங்கியது. சந்தனத்தைச் சுரண்டிவிட்டு, புடவையிலிருந்த ஊக்கை எடுத்துத் துளையைக் குத்தித் திறந்தேன்.

"இப்போ ஸ்டார்ட் பண்ணு."

கொஞ்சம் அடம்பிடித்துவிட்டுக் கிளம்பியது. கூடுவாஞ்சேரியில் காபி குடித்துவிட்டு, எங்கும் நிற்காமல் வீடு வந்தோம். சித்தப்பா பாதி வழியிலேயே காணாமல் போயிருந்தார்.

அம்மா வாசல் கேட் அருகே காத்திருந்தாள். "டேங்க் எப்படிடி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சும்மா."

"இருக்காதா பின்னே? பானெட்டுல வச்சது காருக்கு. உன் டேங்குக்குத் தனியா ஒண்ணு வச்சேன், உதிராம இருக்கட்டும்னு கெட்டியா. என் பொண்ணு செஞ்சதாச்சே."

அண்ணன் வாயைத் திறந்தான். அவன் காலை மிதித்தேன்.

அந்த வாரமே மூடியைக் கழற்றி, நடுவிலிருந்த துளையை அடைத்துவிட்டு, விளிம்பில் பக்கவாட்டாகப் புதிதாக ஒன்று போட்டேன். நடு இடத்தை அம்மாவுக்கு விட்டுவிட்டேன்.