இதில் கிளாரினெட் இல்லை

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைப் பக்கம் காய்கறி வாங்கப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழைக்கு ஒதுங்கிய காப்பிக் கடையில்தான் அந்த இசை என்னைப் பிடித்துக்கொண்டது. இது என்ன என்று கடைக்காரப் பெண்ணிடம் கேட்டேன். பழைய ஜாஸ், கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு முந்தைய இசைத்தட்டு என்றாள்.

சினிமாப் பாட்டைத் தாண்டி எனக்கு எதுவும் தெரியாது. வீட்டுக்கு வந்து கைபேசியில் தேடிப் போட்டபோது சந்தைக்கடை மாதிரிதான் இருந்தது. எண்ணெய் காய்வது போல ஒரு கரகரப்பு. அதற்குள் ஆளாளுக்கு ஒரே நேரத்தில் வாசிக்கிறார்கள், யாரும் யாருக்கும் வழிவிடுவதாக இல்லை. ஆனாலும் விட மனசு வரவில்லை.

ஒரு நேரத்தில் ஒரு வாத்தியத்தை மட்டும் பின்தொடர வேண்டும் என்று எங்கோ படித்தேன். அதற்கப்புறம்தான் பிடிபட்டது. கார்னெட் என்கிற குட்டி டிரம்பெட் பாட்டை நேராகக் கொண்டுபோகும். டிராம்போன் அடியில் உறுமிக்கொண்டே வரும். இரண்டுக்கும் மேலே கிளாரினெட் அடங்காப்பிடாரியாக ஓடித் திரியும். எனக்கு அதுதான் செல்லம்.

தோ பாயோ வீட்டில் ஞாயிறு காலை கீரை ஆய்ந்தபடி இதையே விளையாட்டாக்கிக்கொண்டோம். ஆளுக்கொரு வாத்தியம். என் கணவர் செம்பவாங் கப்பல் பட்டறையில் ஆரம்பித்து இப்போது துவாஸ் பட்டறையில் சூப்பர்வைசராக இருப்பவர். எப்போதும் டிராம்போனைத்தான் எடுத்துக்கொள்வார். ஒருநாள் மாற்றிக்கொள்ளலாம் என்றேன். பாட்டு முடிந்ததும் அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"இதுல கிளாரினெட்டே இல்லம்மா."

பாதிப் பாட்டை அதுதான் வாசித்திருந்தது. காதில் பஞ்சா வைத்திருக்கிறீர்கள் என்று கிண்டல் செய்தேன். பழைய ரெக்கார்டுலா, தேய்ந்திருக்கும் என்றார். அந்தக் கரகரப்பில் எதுவும் தொலையலாம் என்பதால் நானும் ஒப்புக்கொண்டேன். ஆனால் வேறொன்று போட்டபோதும் இல்லை என்றார். அடுத்ததிலும் இல்லை. எனக்கு மட்டும் கேட்கிற ஒன்றை வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருப்பது ஒரு மாதிரியாக இருந்தது. அந்த வாரம் முழுக்க நான் ஜாஸ் போடவில்லை.

அடுத்த ஞாயிறு மதியம், சோற்றைப் பிசைந்துகொண்டே, பட்டறையில் நடந்த ஒன்றை வேடிக்கையாகச் சொன்னார். ரிவர்ஸில் வந்த ஃபோர்க்லிஃப்ட் வண்டி அவர் முதுகுக்கு ஒரு சாண் தள்ளி நின்றதாம். திரும்பிப் பார்த்து டிரைவரைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டாராம்.

"அது பின்னால வந்தா பீப் பீப்னு கத்துமேங்க?"

"கத்தல. அதான் திட்டுனேன். அடிச்சுதுன்னு சத்தியம் பண்றான் அவன். பொய்."

அந்த பீப் சத்தமும் அந்தக் கிளாரினெட்டும் ஒரே கீச்சு உயரத்தில் இருக்கும் என்று சொல்ல எனக்கு எந்தச் சங்கீதமும் தெரிய வேண்டியிருக்கவில்லை. டிரைவர் பொய் சொல்லவில்லை. அடுத்த முறை அந்த ஒரு சாணும் இருக்காது.

காதைச் சோதித்துப் பார்க்கலாம் என்று சொன்னேன். கோபப்பட்டார். வாக்கிடாக்கி கேட்க வேண்டுமென்று காதடைப்பானைக் கழுத்தில் தொங்கவிட்டே இத்தனை வருஷம் ஓட்டியவர். காது போயிற்று என்று தெரிந்தால் தளத்தில் நிற்க விடமாட்டார்கள், மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள் என்றார். உட்காருங்கள், உயிரோடு உட்காருங்கள் என்று நானும் கத்தினேன். இரண்டு நாள் கழித்து, உன் திருப்திக்காக என்று சொல்லிக் கிளினிக்குக்கு வந்தார்.

கண்ணாடி அறைக்குள் ஹெட்போனோடு அவர். வெளியே, இயந்திரத்தின் முன் ஒரு சின்னப் பெண், பக்கத்தில் நான். அவள் ஒலி அனுப்பும்போதெல்லாம் அவள் பக்கம் ஒரு விளக்கு எரிந்தது. கேட்டால் அவர் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். முதலில் டக் டக்கென்று அழுத்தினார். பார்த்தாயா என்பதுபோல் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

அவள் ஒலியைக் கீச்சென்று மேலே ஏற்றினாள். விளக்கு எரிந்தது. அவர் கட்டைவிரல் அசையவில்லை. அவள் சத்தத்தைக் கூட்டினாள். மறுபடியும் எரிந்தது. அவர் பொறுமையாக, அடுத்து என்ன என்று காத்திருக்கிறவர் முகத்தோடு உட்கார்ந்திருந்தார். நான் அறியாமலே என் கட்டைவிரலை மடக்கி மடக்கிக் காட்டிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவரே ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் கதவைத் திறந்தார். முகத்தில் பெரிய நிம்மதி.

"முடிஞ்சிருச்சுல்ல? போலாமா?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். அவள் இன்னும் ஒலி அனுப்பிக்கொண்டுதான் இருந்தாள்.